பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டர்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல வீட்டில் எழுதுகிறார்கள். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிகிற சொல் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதை எனக்குக் காட்டித் தந்தவர் எங்கள் மாப்பிள்ளை லிங்கராஜ், என் ஒரே மகள் பொன்செல்வியின் புருஷன். அவரைப் பற்றிச் சொல்வதென்றால் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லு என்கிறாள் மகள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் மேலப்புதுக்குளம். வள்ளியூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து உள்ளே போக வேண்டும். பதினாலு வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடையில் சேர்ந்தார். ஆணி, தாழ்ப்பாள், கீல், கம்பி வலை எல்லாம் விற்கிற கடை. அந்தக் கடையிலேயே இன்றைக்கும் நிற்கிறார். ஒரு கை நிறைய ஆணியை அள்ளினால் இத்தனை கிராம் என்று சொல்லுவார், தராசும் அதையே சொல்லும். வாங்க வருகிறவர்களிடம் மலையாளம், முதலாளியிடம் தமிழ், எண்ணுவது மட்டும் எப்போதும் தமிழில். அதிகம் பேச மாட்டார். நாலு மணிக்கு ஒரு சாயா குடிப்பார். அதற்கு மேல் அவருக்கு ஒரு பழக்கமும் கிடையாது.

அவருக்கென்று ஊரில் ஒரு முறைப்பெண் இருந்தாள். பெயர் சுப்பு, தாய்மாமன் மகள். பிறந்தபோதே பேசி வைத்தது. எங்கள் பொன்செல்வி அப்போது எதிர்ச் சாரியில் ஒரு துணிக்கடையில் புடவை மடித்துக்கொடுக்கிற வேலையில் இருந்தாள். மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை ஊருக்குப் போய், எனக்கு மாமன் மகள் வேண்டாம் என்று தாயிடம் நேருக்கு நேர் சொல்லிவிட்டு வந்தார். பந்தல்கால் நாட்ட நாள் குறித்த பிறகு சொன்னார், அதுதான் குற்றம். மாமன் வீட்டின் மானம் போகக்கூடாது என்று, அதே முகூர்த்தத்தில் தம்பி திரவியத்தை உட்கார வைத்துச் சுப்புவுக்குத் தாலி கட்ட வைத்தார்கள். திரவியத்துக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை.

அவருடைய அப்பா அன்றைக்குத் தலைமுழுகினார். லிங்கராஜ் என்று ஒரு பிள்ளை இந்த வீட்டில் பிறக்கவில்லை, நல்லது கெட்டது எதற்கும் அவனுக்குச் சொல்லக்கூடாது என்று ஊர் கேட்கச் சொன்னார்.

சொன்னபடியே நடந்தது. ஒன்பது வருஷம் கழித்து, வாழைக்காய் லாரி ஓட்டி வருகிற அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் கடையில் கொக்கி வாங்கும்போது பேச்சோடு பேச்சாக, அப்பாவின் பதினாறுக்குக்கூட நீங்கள் வரவில்லையே என்று கேட்டிருக்கிறார். எந்த அப்பா என்று மாப்பிள்ளை கேட்டாராம். பதினாறு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. மாப்பிள்ளை கொக்கியை நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து சட்டையோடு தலையில் ஊற்றிக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தார். மூத்த மகன் அவர். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய கை அவருடையது. சாப்பிட உட்கார்ந்தபோது ஒன்றே ஒன்று சொன்னார்.

“அத்தை, அப்பாவுக்குத்தான் இல்லாமப் போச்சு. எங்க அம்மைக்கு ஒரு பிடி வாய்க்கரிசி நான் போட்டே ஆகணும். அது மட்டும் போதும்.”

அம்மாவுக்குக் கொள்ளி வைப்பது இளைய மகன். அது திரவியத்தின் பங்கு. அவர் கேட்டது கொள்ளி இல்லை. முகத்தைப் பார்த்து ஒரு பிடி அரிசி. அவ்வளவுதான்.

கெட்ட காரியத்துக்கு அழைக்காமலே போகலாம். ஆனால் நடந்தது தெரிய வேண்டுமே. மாப்பிள்ளை ஒருமுறை ஊரிலுள்ள வீட்டுக்குப் போன் செய்தார். திரவியம் எடுத்தார். அண்ணன் குரலைக் கேட்டதும் ஒன்றும் சொல்லாமல் மெல்லக் கீழே வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட மாப்பிள்ளைக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிற பஸ்கள் நிற்கிற இடத்தில் நிற்பார். ஊர்ச் சாடையில் யாராவது இறங்கினால் கிட்டப் போய், புதுக்குளமா என்று கேட்பார். தெரிந்தவர்கள் சொல்லுவார்கள், அம்மா நன்றாக இருக்கிறாள், குச்சி ஊன்றி நடக்கிறாள், கஞ்சி குடிக்கிறாள் என்று. அதை வாங்கிக்கொண்டு வருவார். ஏழு வருஷம் இப்படி நின்றார். மழையென்றாலும் நிற்பார். மனைவி பிள்ளையைச் சங்குமுகம் கடற்கரைக்கு ஒரு ஞாயிறு கூட்டிப் போனதில்லை. பொன்செல்வி முணுமுணுப்பாள். நான் அவளை அடக்குவேன்.

பேத்தி அனுஷா ஒன்பதாவது படிக்கும்போது வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சாலைக் கடைத்தெருவில் மாப்பிள்ளையின் சிநேகிதர் யூசுப் பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிச் சரிசெய்து விற்பார். கழக்கூட்டத்தில் பெரிய ஆபீஸ்காரர்கள் கழித்துப் போட்டதில் ஒன்றைத் தேற்றிக் கொண்டுவந்து, மணக்காட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் வைத்தார். டெலிபோன் கம்பியில் அதைச் செருகினால் கீச்சுக்கீச்சென்று கத்தும், பிறகு நெட் வரும். அது ஓடுகிற நேரம் போன் வேலை செய்யாது.

அந்த வருஷம்தான் மாப்பிள்ளையின் ஊர்க்காரர்கள் ஒரு வெப்சைட் தொடங்கியிருந்தார்கள். வேதமாணிக்கம் என்று ஒருவர், சார்ஜாவில் வேலை. அங்கே உட்கார்ந்துகொண்டு ஊர்ச் செய்தியையெல்லாம் போன் வழியாகக் கேட்டு அதில் போடுவார். கோயில் கொடை, குளத்துத் தண்ணீர், கல்யாணம், சாவு, பத்தாவதில் யார் எத்தனை மார்க், எல்லாம். பஸ் ஸ்டாண்டில் கேள்விப்பட்டு வந்து மாப்பிள்ளை தேடச் சொன்னார். முதலில் திறந்தபோது எழுத்தெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக வந்ததாம். அனுஷா ஐயோ என்றாள். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. யூசுப் வந்து தமிழ் எழுத்தை ஏற்றித் தந்தார்.

ஆனால் அந்த சைட் திறக்க யுகமாகும். பாதியில் அறுந்துபோகும். மாப்பிள்ளைக்கு அதில் தேடவும் தெரியாது. அப்போதுதான் யூசுப் இன்னொரு வழி சொன்னார். அதற்கு ஃபீட் என்று பெயர். ஒரு தடவை சந்தா மாதிரி பதிந்து வைத்துவிட்டால் போதும், காசு கிடையாது, சைட்டில் புதிதாக எது போட்டாலும் அதன் தலைப்பு தானாகவே நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்து வரிசையாக நிற்கும் என்றார். மாப்பிள்ளை இரண்டு முறை திருப்பிக் கேட்டார், தானாகவா, தானாகவா என்று.

“தானாத்தான் அண்ணாச்சி. பேப்பர்காரன் வாசல்ல எறிஞ்சிட்டுப் போவான்லா, அது கணக்கா. ஒண்ணு மட்டும் ஓர்மை வேணும், கேட்டோ. மெஷின் அணைஞ்சு கிடந்தா ஒண்ணும் வராது. தொறந்தாத்தான் வரும்.”

அந்தக் கடைசி வார்த்தையை நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

காலையில் கடைக்குப் போகுமுன் ஒரு தடவை, ராத்திரி வந்ததும் ஒரு தடவை மாப்பிள்ளை பார்ப்பார். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறதே. பொன்செல்வி வேலைக்குப் போய்விடுவாள், அனுஷா பள்ளிக்கூடம். வீட்டில் நான் ஒருத்திதான். அதனால் ஒரு நாள் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியும். பஸ் நம்பர் பார்த்துப் பார்த்துப் பழகியது. இந்தப் பொத்தானை அமுக்குங்கள், சத்தம் ஓயட்டும், இந்தப் படத்தை இரண்டு தட்டு தட்டுங்கள், ஊர்ப் பெயர் இந்த இடத்தில் வரும், அதன் பக்கத்தில் எண் வந்தால் புதுச் செய்தி வந்திருக்கிறது என்று அர்த்தம், புதிது கறுப்பாகத் தடித்து நிற்கும், படித்தது மெலிந்துவிடும் என்று சொல்லித் தந்தார். பிறகு ஒரு தாளில் பெரிதாக இரண்டு சொல் எழுதி மேஜையில் ஒட்டினார். மரண அறிவிப்பு. சாவுச் செய்தி எதுவானாலும் வேதமாணிக்கம் அப்படித்தான் தொடங்குவாராம்.

“எழுத்தெழுத்தாப் படிக்க வேண்டாம் அத்தை. ஆள் முகத்தைப் பார்க்கற மாதிரி பாத்து வச்சுக்கிடுங்க.”

பார்த்து வைத்துக்கொண்டேன். இரண்டு சொல் என்று சொன்னாலும் எனக்கு அது ஒரே முகம்.

தினமும் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் அந்த வேலையைச் செய்தேன். உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து உட்காருவேன். முதல் மாதத்தில் எண்ணைக் கண்டாலே நெட்டைப் பிடுங்கிவிட்டுக் கடைக்குப் போன் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் பஞ்சாயத்துக் கிணறு தூர் வாரிய செய்தியாக இருக்கும். பிறகு முகம் பழகிவிட்டது. ஒரு தடவை அந்த முகமே வந்தது. போன் செய்து சொன்னேன். யார் பெயர் அத்தை என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? கடையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தார். பார்த்தால் கீழத்தெருவில் வேறு யாரோ ஒரு பெரியவர். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார். தெரியாமல் பதறடித்துவிட்டேனே என்றேன். எத்தனை தடவையானாலும் இதுபோலவே கூப்பிடுங்கள், கூப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் என்றார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு நாளும் நான் தவறவிடவில்லை. எனக்கு ஜுரமென்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுவேன். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுக்குப் போவதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க ஆரம்பித்தார். வேதமாணிக்கத்துக்கு, திருவனந்தபுரத்திலிருந்து பார்க்கிறேன், உங்கள் புண்ணியம் என்று அனுஷாவை வைத்து ஒரு மெயிலும் எழுதிப் போட்டார்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் நவராத்திரி வந்தது. இந்த ஊரில் பூஜைவைப்பு என்று ஒன்று உண்டு. அஷ்டமி சாயங்காலம் ஏடு, புஸ்தகம், தொழில் சாமான் எல்லாவற்றையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட்டால், தசமி காலையில்தான் எடுக்க வேண்டும். நடுவில் ஒருவரும் ஒரு எழுத்துப் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. நம் தமிழ்நாட்டுப் பக்கம் நவமியன்று வைத்து மறுநாள் எடுப்பார்கள். நான் பதினாறு வயதில் இங்கே வந்தவள். எழுத்துத் தெரிந்தவர்களைவிட எனக்கு எழுத்தின்மேல் பயம் அதிகம். எனக்குக் கிடைக்காதது பேத்திக்காவது குறைவில்லாமல் கிடைக்கட்டும் என்று, இந்த ஊர் முறையை நான் ஒரு வருஷமும் விட்டதில்லை.

அன்று சனிக்கிழமை. அனுஷாவின் புஸ்தகம், பொன்செல்வியின் கத்தரிக்கோல், மாப்பிள்ளையின் அளவு டேப் எல்லாம் வைத்தாகிவிட்டது. கம்ப்யூட்டரைத் தூக்க முடியாது. அதனால் அதற்கு அங்கேயே சந்தனம் குங்குமம் இட்டு, வெளுத்த வேட்டியை எடுத்து மூடினேன். முந்தின வருஷம் அதற்கு நவமியன்று ஒரு பொட்டோடு விட்டிருந்தேன். அது எனக்கு மனக்குறையாகவே இருந்தது. அனுஷாவின் மார்க்கு வேறு குறைந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கியது நான்தான். மாப்பிள்ளை வந்து நின்றார்.

“அத்தை, இதை நாளைக்கு வைப்போமே. எங்க ஊர்ல நவமிக்குத்தான் வைப்போம்.”

“ஊர்ல இருக்கும்போது ஊர் முறை. இது திருவனந்தபுரம், மாப்பிள. இங்க அஷ்டமி தாண்டி ஒரு எழுத்து பாக்கக்கூடாது.”

“இது பேப்பர் மாதிரிதானே அத்தை. வாசல்ல வந்து விழுறது.”

“விழட்டும். பேப்பரையும் ரெண்டு நாளைக்கு யாரும் பிரிக்க வேண்டாம்.”

அவர் மேலே பேசவில்லை. ஒரே ஒரு தடவைதான் அவர் பெரியவர்களை எதிர்த்துப் பேசியது, அதுவும் பெற்ற தாயை. அதற்குப் பிறகு யாரையும் எதிர்த்துப் பேச அவருக்கு நாக்கு எழும்பாது. அது தெரிந்துதான் நான் பேசினேனோ என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் ஞாயிறு, நவமி. கடையில் ஆயுத பூஜைக்குப் போகுமுன் மறுபடியும் வந்து நின்றார். மணி ஒன்பது. முன்னறையில் பெண்டுலக் கடிகாரம் அடித்தது, அதனால் எனக்கு மணி நிச்சயமாகத் தெரியும். வேட்டியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடிவிடலாமா என்றார். நாளைக் காலையில் பார்க்கலாம், சரஸ்வதி எங்கேயும் ஓடிப்போக மாட்டாள் என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார். பொரியும் பழமும் கொண்டுவந்தார்.

திங்கட்கிழமை காலை தசமி. குளித்து, சூடம் காட்டி, அனுஷா தட்டில் பரப்பிய அரிசியில் எழுதி முடித்தாள். நான் வேட்டியை மடித்து வைத்துவிட்டுப் பிளக்கைச் செருகினேன். சத்தம் ஓய்ந்தது. படத்தைத் தட்டினேன். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு என்று நின்றது. கண்ணாடியில் நான் இட்ட சந்தனம் காய்ந்து கிடந்தது. அதற்குக் கீழே அந்த முகம். அதற்கும் கீழே மறுபடியும் அதே முகம்.

மாப்பிள்ளை பின்கட்டில் தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

“மாப்பிள, அந்த வார்த்தை ரெண்டு தடவ இருக்கு.”

துண்டோடு வந்தார். நின்றபடியே படித்தார். முதல் வரி சனிக்கிழமை ராத்திரி போட்டது. மேலத்தெரு பேச்சித்தாய் அம்மாள் மறைவு, எடுப்பு ஞாயிறு பகல் பதினொரு மணி. அது மாப்பிள்ளையின் அம்மா. இரண்டாவது வரியை அவர் வாய்விட்டுப் படித்தார். எனக்குச் சொல்வதற்காக இல்லை, அவருக்கே நம்பிக்கை வராததால்.

“வெளியூரில் உள்ள மூத்த மகன் வர வேண்டியிருப்பதால், எடுப்பு மாலை ஐந்து மணிக்கு மாற்றப்பட்டுள்ளது.”

திரும்பவும் அதையே படித்தார். மூத்த மகன் என்கிற இடத்தில் விரலை வைத்தார். சந்தனப் பொடி விரலில் ஒட்டியது.

பொன்செல்விதான் வாயைத் திறந்தாள். உன் பிடிவாதம் இன்றைக்கு நிறைந்ததா அம்மா என்றாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மறுபடி போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். ஈரத் துண்டோடு அடுக்களைக்கு வந்து, அரிசிப் பானையைத் திறந்து ஒரு பிடி அள்ளினார். கைக்குட்டையில் கொட்டி முடிச்சுப் போட்டார். உடல் எடுத்து ஒரு ராத்திரி கழிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அரிசி இனி எதற்கு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நானும் வருகிறேன் என்றேன். நீங்கள் எதற்கு அத்தை, வயதான காலத்தில் என்றார். வருகிறேன் என்றேன். பொன்செல்வியையும் பேத்தியையும் பின்னால் வரச் சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம்.

பஸ்ஸில் கூட்டம். எழுத்துக்கு இருந்து, முதல் எழுத்து எழுதிவிட்டு வருகிற பிள்ளைகள், நெற்றியில் சந்தனமும் புதுச் சட்டையுமாக மடியில் மடியில் இருந்தார்கள். நாகர்கோவில் வரை அவர் கைக்குட்டை முடிச்சை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்திருந்தார். நான் மனதுக்குள் மணியை எண்ணிக்கொண்டு வந்தேன். நாங்கள் வீட்டிலிருந்து ஊர் போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆனது. முந்தின நாள் ஒன்பது மணிக்கு நான் சரி என்று சொல்லியிருந்தால், இரண்டரை மணிக்குள் போயிருக்கலாம். ஐந்து மணிக்குத்தான் எடுத்தார்கள்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். தெருவில் பந்தல் அப்படியே இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு வேன் நின்றது. வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டியை இரண்டு பேர் அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை நேராகப் போய் அந்தப் பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்தார். ஏற்றுகிறவர்கள் நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கையை எடுத்தார். வேன் போனது.

திரவியம் மொட்டைத் தலையோடு வெளியே வந்தார். இரண்டு பேரும் பார்த்துப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். திரவியம்தான் முதலில் பேசினார். கோபமான குரல் இல்லை, தூங்காத குரல்.

“நீ அதைப் பாப்பேன்னு வேதமாணிக்கம் சொன்னான், அண்ணே. அதனாலதான் மேளத்துக்குச் சொல்லுமுன்ன அவனுக்குச் சொன்னேன்.”

திரவியம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பா கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன், ஒனக்கு நல்லது கெட்டது எதையும் என் வாயால சொல்ல மாட்டேன்னு. வாயால சொல்லல. அதுல போடச் சொன்னேன். பதினோரு மணிக்கு வரல. ஐஸ் பெட்டிக்காரன்ட்ட இன்னும் கொஞ்ச நேரம் கேட்டு வாங்குனேன். அஞ்சு மணிக்கும் வரல. ஊர்ல எல்லாரும் என்னைப் பாத்தாவ.”

அப்போது நான் முன்னால் போனேன். பதினேழு வருஷத்தில் அந்த வாசலை மிதிக்காத சம்பந்தக்காரி. அவர் பார்க்கவே இல்லை தம்பி, பார்க்க விடாதவள் நான் என்று பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்கச் சொன்னேன். பூஜைக்கு வைத்தேன், வேட்டி போட்டு மூடினேன், நேற்று ஒன்பது மணிக்கு அவர் கேட்டார், நான் திறக்க விடவில்லை, இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். மாப்பிள்ளை, விடுங்க அத்தை என்றார். நான் விடவில்லை, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மகன் வராமல் இருந்துவிட்டான் என்று அந்த ஊர் பேசக்கூடாது. பழி எனக்குரியது.

திரவியம் என் பக்கம் திரும்பினார். எங்க வீட்லயும் நேத்துப் பூஜைக்கு டேபிள் ஃபேனுக்குச் சந்தனம் வைக்கணும்னு எடுத்து வச்சிருந்தாவ அம்மை, அதுக்குள்ள போயிட்டாவ என்றார். மன்னித்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் சுடுகாட்டில் செய்கிற காடாத்து காலையிலேயே முடிந்துவிட்டது. பால் ஊற்றுகிற இடத்துக்கும் மாப்பிள்ளை இல்லை. கைக்குட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். முடிச்சைப் பார்த்ததும் அங்கிருந்த பெரியவர்களுக்குப் புரிந்துவிட்டது. சாம்பலுக்கு அரிசி போடுவதில்லை என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். முறை அதுதான். முறையைப் பற்றிப் பேச அன்றைக்கு எனக்கு நாக்கு இல்லை.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். கண் வீங்கி, தலை கலைந்து, கையெல்லாம் அடுப்புக்கரி. அவள்தான் சுப்பு என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. அந்த ஊரில், சாவு வீட்டில் மறுபடி அடுப்பு மூட்டும்போது முதல் உலைக்குச் சம்பந்தக்காரர் அரிசிதான் போட வேண்டுமாம். மூத்த மருமகள் வீட்டிலிருந்து யாரும் இல்லாததால், சுப்பு தன் அப்பா வீட்டு அரிசியைக் களைந்து வைத்திருந்தாள். அவள் மாப்பிள்ளையிடம் பேசவில்லை. என்னிடம்தான் பேசினாள்.

“உலை கொதிக்கு. அந்த அரிசிய வாங்கிட்டு வாங்க. அத்தைக்கு வைக்கிற எலையில அதுதான் விழும்.”

மாப்பிள்ளை முடிச்சை நீட்டினார். நான்தான் பிடித்து அவிழ்த்தேன். பஸ்ஸில் அழுத்தி வைத்திருந்ததில் அரிசி வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. அந்த ஒரு பிடியையும் நான் கொண்டுபோய் உலையில் போட்டேன். அதன்மேல் மற்ற அரிசியைச் சுப்பு போட்டாள். வெந்ததும் இலை போட்டு, குச்சிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அம்மா ஊன்றி நடந்த குச்சி. மாப்பிள்ளை அதன் முன்னால் விழுந்து, நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டார்கள்.

வாய்க்கரிசி இல்லை அது. யாரும் அப்படிச் சொல்லி என்னைத் தேற்ற வேண்டாம். அவர் கேட்டது ஒரு பிடி, முகத்தைப் பார்த்து. அது நடக்கவில்லை.

பதினாறுக்கு எல்லோரும் போனோம். திரவியம் நேரில் கண்டால் பேசுகிறார். போன் மட்டும் செய்வதில்லை. செத்தவருக்குக் கொடுத்த சத்தியத்தை மாற்ற முடியாது என்கிறார். அவர் மகள் வயதுக்கு வந்த சடங்குக்கு அழைப்பு அந்த ஃபீடில்தான் வந்தது. உறவினர் அனைவரும் என்று போட்டிருந்ததாம். அந்த அனைவரில் நாங்கள் இருந்தோம்.

அடுத்த வருஷம் அஷ்டமி சாயங்காலம். நான் அனுஷாவின் புஸ்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை கடையிலிருந்து சீக்கிரம் வந்து, அவராகவே சந்தனக் கிண்ணத்தையும் வெளுத்த வேட்டியையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். நான் பின்னாலே போனேன்.

“உங்க முறைப்படியே வைங்க அத்தை. இனிமே எனக்கு அதுல வர வேண்டியது ஒண்ணுமில்ல.”

சாந்தமாகத்தான் சொன்னார். நான் வேட்டியை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

“ஒங்க தம்பிக்கு அண்ணன் ஒருத்தர் இருக்காரு. அந்தத் தம்பி வாயால எதையும் சொல்ல முடியாதவர். இதை மூட நான் சம்மதிக்க மாட்டேன்.”

அவர் கிண்ணத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மேஜையில் ஒட்டிய அந்தத் தாள் ஓரமெல்லாம் பழுத்து இன்னும் அங்கேயே இருக்கிறது.

நவமி காலை பதினொரு மணிக்கு, ஊரே ஏட்டை மூடி வைத்திருந்த நேரத்தில், நான் போய்ப் பொத்தானை அமுக்கினேன். சரஸ்வதி கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன். சத்தம் ஓய்ந்தது. படத்தைத் தட்டினேன். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் எண் இல்லை. நெட்டைப் பிடுங்கிவிட்டுக் கடைக்குப் போன் செய்து, ஒன்றும் இல்லை மாப்பிள்ளை என்றேன். முன்பெல்லாம் ஒன்றும் இல்லாத நாளில் நான் போன் செய்வதில்லை. சரி அத்தை என்று சொல்லிவிட்டு, அவர் போனை உடனே கீழே வைக்கவில்லை.